ஏற ஒரு கல், இறங்க ஒரு கல்

எங்கள் ஊரில் மைல்கல் செய்துவந்த வேலைகளில் தூரம் காட்டுவது கடைசி வேலை. ஓட்டப்பிடாரம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அதை ஒரு கல் வந்து சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து துணி மூட்டையோடு வருகிற வியாபாரி அதன் மேல்தான் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார். வெள்ளாடுகள் கழுத்தைத் தேய்த்துக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் காட்டிலிருந்து வருகிறவர்கள் காலில் அப்பிய கரிசலை அதன் விளிம்பில் வழித்துவிட்டுத் தார் ரோட்டில் ஏறுவார்கள். பக்கத்தில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த பஸ் நிழற்குடை இருந்தது. அதன் கதையும் இதுதான். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களைவிட அந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளியவர்களும் சீட்டாடியவர்களுமே அதிகம்.

ஆனால் அந்த மைல்கல்லுக்கு யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு வேலையைக் கொடுத்தவள் என் அம்மா. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆறாவது படித்தபோது நடந்தது இது. இரண்டு வருடமாக மழை பொய்த்து எங்கள் காட்டில் போட்ட உளுந்து விதைக்குக்கூடத் தேறவில்லை. அந்த நேரத்தில்தான் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பெரிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்க அம்மாவுக்கு வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதனால் நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன்.

வேலை கிடைத்தது பெரிதில்லை, போய்ச் சேருவதுதான் பெரிதாக இருந்தது. காலையில் பிரேயர் மணி அடிப்பதற்குள் சத்துணவுக் கூடத்தில் புகை கிளம்பியாக வேண்டும் என்பது அந்தத் தலைமை ஆசிரியர் வைத்த சட்டம். எங்கள் பக்கம் வந்த பஸ்ஸுக்கோ சட்டம் எதுவும் கிடையாது. ஒருநாள் ஒன்பதுக்கு வரும், ஒருநாள் பத்துக்கு வரும், ஒருநாள் வராமலே இருந்துவிடும். நடந்து போகலாம் என்றால் தெருக்குழாயில் நல்லதண்ணீர் ஏழரைக்குத்தான் வரும். அதைப் பிடித்து வைக்காமல் கிளம்பினால் வீட்டில் அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை; பிடித்துவிட்டுக் கிளம்பினால் எட்டேகால். என்ன வேகமாக நடந்தாலும் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது மணி அடித்திருக்கும். முதல் மாதத்திலேயே அம்மா இரண்டு தடவை பிந்திவிட்டாள். உள்ளூரில் ஒருத்தி அந்த வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு வாட்டி லேட்டுன்னா நாங்க வேற ஆள் பாத்துக்கிடுதோம்" என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அம்மா, சுவரில் சாய்த்திருந்த அப்பாவின் சைக்கிளை முதன்முறையாகத் தொட்டாள்.

அது குறுக்குக் கம்பி வைத்த பெரிய சைக்கிள். அம்மா குள்ளம். அப்பா பார்த்துவிட்டு, "இதுல ஒனக்குக் காலே எட்டாது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

ஊர் அடங்கியிருக்கும் மத்தியான வெயிலில், லீவு நாட்களில், பெரியம்மா பின்னால் பிடித்துக்கொள்ள அம்மா பழகினாள். பழகி முடிக்கும்வரை நல்லதண்ணீரைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக்கொண்டு, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே வேலைக்கு நடந்து போனாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே அப்பாவின் பழைய சட்டை ஒன்றைப் போட்டிருப்பாள். பெரியம்மா ஏற்றிவிட்டால் அம்மா நேராகப் போவாள், வளைவாள், திரும்பி வருவாள். எல்லாம் பத்தே நாளில் வந்துவிட்டது. ஏறவும் இறங்கவும் மட்டும் வரவில்லை. ஒரு காலைப் பெடலில் வைத்துத் தள்ளி மற்றக் காலைத் தூக்கிப் போடுவதற்குள் சேலை கம்பியில் மாட்டும். வண்டி ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாகக் கிடப்பார்கள். இறங்குவது அதைவிட மோசம். பெரியம்மா ஓடிவந்து பிடித்தால்தான் உண்டு. ஆறு கிலோமீட்டருக்கும் பெரியம்மா கூடவே ஓடிவர முடியாதல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா கொஞ்சம் பின்தங்கிவிட்டாள். சைக்கிள் தன் போக்கில் ரோட்டின் ஓரத்துக்குப் போய் மைல்கல்லை உரசியது. விழப்போகிறோம் என்ற பயத்தில் அம்மா காலை நீட்டினாள். கால் கல்லின் தலையில் போய் ஊன்றியது. வண்டி நின்றது. அம்மா விழவில்லை. அப்படியே கொஞ்ச நேரம், கல்லில் ஒரு காலும் பெடலில் ஒரு காலுமாக, குதிரையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தாள். பிறகு கம்பிக்கு மேல் காலைத் தூக்கி இறங்கினாள். திரும்பவும் கல்லில் காலை வைத்து ஏறினாள். இறங்கினாள். ஏறினாள்.

"ஏட்டி, இது நமக்குன்னே நட்டு வச்ச கல்லுல்லா!" என்று பெரியம்மா ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

அதிலிருந்து அம்மாவின் பயணம் கல்லிலிருந்து கல்லுக்கு என்று ஆனது. எங்கள் ஊர்க் கல்லில் ஏறுவாள். அவள் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொண்டதும் நான் பின்னால் கேரியரில் ஏறிக்கொள்வேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு கல் இருந்தது, அதில் இறங்குவாள். வழியில் நிற்க வேண்டுமென்றால் இடையிலிருந்த ஐந்து கற்களில் ஏதாவது ஒன்றில்தான் நிற்க முடியும். கற்கள் எல்லாம் ரோட்டின் ஒரே பக்கத்தில் இருந்ததால் போகும்போது இடது கால், வரும்போது வலது கால். வரும்போது தப்பான பக்கத்தில்தான் வருவாள். அந்த ரோட்டில் அதைத் தப்பென்று சொல்ல இரண்டு பஸ்ஸை விட்டால் ஆளில்லை.

கல் இல்லாத இடத்தில் ஆடோ மாடோ குறுக்கே வந்துவிட்டால்தான் சங்கடம். அதற்குத்தான் நான் இருந்தேன். தூரத்தில் ஆட்டு மந்தை தெரிந்ததுமே கேரியரிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துவேன்: "எங்கம்மா நிறுத்த மாட்டா, வெலகுங்கோ!" மேய்க்கிறவர்களுக்குப் பழகிப்போய், என் குரல் கேட்டாலே ஆட்டை ஒதுக்கிக்கொள்வார்கள். மூன்று மாதம் அம்மா ஒருநாளும் பிந்தவில்லை.

இதற்கிடையில் ஒருநாள் வகுப்பில் சமூக அறிவியல் டீச்சர், மைல்கல் எதற்கு நடுகிறார்கள் என்று கேட்டார்கள். நான் முதல் ஆளாகக் கையைத் தூக்கி, "பொம்பளைங்க சைக்கிள்ல ஏறதுக்கு டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ரோடு போட வந்தார்கள்.

அரையாண்டுப் பரீட்சை லீவில், பள்ளிக்கூடத்து ஊரிலிருந்து ஆரம்பித்து எங்கள் ஊரை நோக்கி வேலை நடந்துகொண்டிருந்தது. லீவின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிராக்டர் ஒன்று வந்தது. நான்கு பேர் கடப்பாரையோடு இறங்கி எங்கள் ஊர்க் கல்லைப் பிடுங்கி, ஏற்கெனவே பிடுங்கியிருந்த கற்களோடு போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ரோட்டை அகலமாக்குகிறார்களாம், வேலை முடிந்ததும் புதுக்கல் நடுவார்களாம். கல் இருந்த இடத்தில் ஒரு குழி. அம்மா அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை யூனியன் ஆபீஸிலிருந்து சத்துணவு ஆபீசரம்மா பார்வையிட வருவதாக இருந்தது.

"நாளைக்கு ஒருநா பஸ்ல போயிரு" என்றார் அப்பா.

"பஸ்ஸு வந்தா போவலாம்" என்றாள் அம்மா.

காலையில் தண்ணீர் பிடித்துவிட்டு அம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே நிழற்குடைக்குப் போனாள். சிமெண்டு பெஞ்சில் இரண்டு பேர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, கொஞ்சம் நவுருதீங்களா?" என்றாள். அவர்கள் எதற்கென்று தெரியாமலே நகர்ந்தார்கள். அம்மா பெஞ்சின் விளிம்பில் காலை ஊன்றி ஏறி உட்கார்ந்தாள். நான் கேரியரில் ஏறினேன். கிளம்பிவிட்டோம்.

"எம்மா, எறங்குறது எங்கன?" என்று கேட்டேன்.

"மொதல்ல போய்ச் சேருவோம்ட்டி" என்றாள்.

முதல் மூன்று கிலோமீட்டர் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கல் இருந்த இடத்திலும் ஒரு குழி இருந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு வளைவு. வளைவைத் திரும்பினால் ரோட்டை அடைத்துக்கொண்டு வேலை நடக்கிறது. தார் கொதிக்கிற புகை, ஜல்லிக் குவியல்கள், காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு சட்டி சுமக்கிற பெண்கள், நடுவில் ரோடு ரோலர். நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஆடுகளுக்குப் பழகிய என் குரல் ரோலருக்குப் பழகியிருக்கவில்லை. அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. ஓரத்திலிருந்த மணல் குவியலுக்குள் சைக்கிளை விட்டாள். நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், சாப்பாட்டுத் தூக்கு ஒரு பக்கம் உருண்டோம். என் இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்துவிட்டது.

வேலைக்காரப் பெண்கள் சட்டிகளை இறக்கிவிட்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி என்னைத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டாள். இன்னொருத்தி அம்மாவிடம், "ஏக்கா, பிரேக்கு இல்லையா?" என்றாள்.

"பிரேக்கு இருக்கு. கல்லுதான் இல்ல" என்றாள் அம்மா.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னாள். சுற்றிலும் பார்த்தாள். கரிசல் காட்டின் நடுவே அந்த இடத்தில் ஒரு மரம், ஒரு பாலத்துச் சுவர், ஒரு திண்டு கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை தரையாகக் கிடந்தது. ஜல்லிக் குவியலில் காலை வைத்துப் பார்த்தாள். சரிந்தது. தார் டிரம்மை உருட்டி வந்தார்கள். அது இடுப்புக்கு மேல் இருந்தது.

"நாங்க நாலு பேரு புடிச்சுக்கிடுதோம், ஏறுக்கா" என்றாள் ஒருத்தி.

அம்மா தலையை ஆட்டினாள். "தூக்கி ஏத்திவிட்டா பழகுன காலு மறந்துரும் தாயி. எங்கனயாச்சும் ஊனி நானா ஏறணும்."

அதுவரைக்கும் உயரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ரோலர் டிரைவர் அப்போது வாயைத் திறந்தார். தலையில் துண்டு கட்டிய ஒல்லியான ஆள். "யக்கா, இந்தப் படி காணுமா பாருங்க" என்று, தான் ஏறி இறங்குவதற்காக ரோலரின் பக்கத்தில் வைத்திருந்த இரும்புப் படியைக் காட்டினார்.

அம்மா சைக்கிளை ரோலருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். படி மைல்கல்லைவிடச் சாண் உயரம் கூடுதலாக இருந்தது. காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஏறினாள். நான் நொண்டிக்கொண்டே போய்க் கேரியரில் உட்கார்ந்தேன். ரோலர் அசையாமல் நின்றது. எங்கள் ஊரில் கலெக்டர் வந்தால்கூட இவ்வளவு பெரிய வண்டியை அவருக்காக நிறுத்தி வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். அம்மா படியை உந்தித் தள்ளியதும் அந்தப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து குலவை போட்டார்கள்.

அதற்கு அப்பால் புதுரோடு. முந்தின நாள் போட்டு முடித்தது. கறுப்பாக, அகலமாக, ஒரு குழி இல்லாமல், பள்ளிக்கூடம் வரைக்கும் கிடந்தது. அதுவரைக்கும் அதன் மேல் ஒரு பஸ்ஸைக்கூட விடவில்லை. அந்த ரோட்டில் முதலில் ஓடிய வண்டி எங்களுடையது. அம்மா மிதித்த மிதியில் காற்று என் முழங்கால் புண்ணில் சில்லென்று பட்டது. எரிச்சல் தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் கல் இல்லை என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் மறுபடி ஞாபகம் வந்தது. அம்மா நிறுத்தாமல் கேட்டுக்குள்ளே விட்டாள். உள்ளே பிள்ளைகள் எல்லாரும் பிரேயருக்கு வரிசையாக நிற்கிறார்கள். கொடிக்கம்பத்துக்கு முன்னால் தலைமை ஆசிரியர். அவருக்குப் பக்கத்தில் ஆபீசரம்மா. வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டுதான் எங்கள் பள்ளிக்கூடத்து மணி. அதை அடிக்க எட்டாவது படிக்கிற ஒரு அக்கா இரும்புக் கம்பியை ஓங்கியபடி நின்றாள்.

அம்மா வரிசைகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். எங்கே கால் ஊன்றுவது என்று தேடிக்கொண்டே போனாள். சத்துணவுக் கூடத்துச் சுவர் உயரம்; படிக்கட்டில் செருப்புகள் கிடந்தன; குழாயடித் திண்டைச் சுற்றிச் சகதி. இரண்டாவது வட்டம் போட்டாள். அறுநூறு கண்கள் எங்களோடு சேர்ந்து சுற்றின. என் வகுப்புப் பிள்ளைகளைக் கடக்கும்போது நான் கையை அசைத்தேன்.

மூன்றாவது வட்டத்தில் அம்மா நேரே கொடிக்கம்பத்தை நோக்கி வந்து, அதன் சிமெண்டுப் பீடத்தின் கீழ்ப்படியில் காலை ஊன்றி நின்றாள்.

தலைமை ஆசிரியரின் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, இது கொடிக்கம்பம். தெரியுதா?"

"தெரியுது சார். வெறுங்காலுதான் வச்சேன். மைல்கல்லப் பூரா புடுங்கிட்டுப் போயிட்டாவ. வேற எங்கன கால ஊனுதது?"

ஆபீசரம்மா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கு சைக்கிள் விடத் தெரியாதா?" என்று கேட்டார்கள்.

"ஏறவும் எறங்கவுந்தான் தெரியாது மேடம். ஓட்டத் தெரியும்."

"எவ்வளவு தூரத்துல இருந்து வாரீங்க?"

"ஆறு கிலோமீட்டர்."

ஆபீசரம்மா அம்மாவின் சட்டையில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார்கள். என் முழங்கால்களைப் பார்த்தார்கள். பிறகு தலைமை ஆசிரியரைப் பார்த்து, "மணி அடிச்சாச்சா சார்?" என்றார்கள்.

எல்லாரும் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த எட்டாம் வகுப்பு அக்கா கம்பியை ஓங்கியது ஓங்கியபடியே, வாயைத் திறந்துகொண்டு நின்றாள். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துப் பதறிப்போய் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"இப்பத்தான் அடிக்குது" என்றார்கள் ஆபீசரம்மா. "போங்கம்மா, போய் அடுப்பப் பத்த வையுங்க."

கருவேல விறகுப் புகை கூரைக்கு மேலே கிளம்பும்போது நாங்கள் பிரேயரில் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம். வேறு ஆள் பார்ப்பது பற்றி அதன்பின் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பேசவில்லை. சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது தலைமை ஆசிரியர் தன் அறையிலிருந்து ஒரு மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். அதைச் சத்துணவுக் கூடத்து வாசலில் வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "நாளையிலருந்து இதுல எறங்குங்க. கொடிக்கம்பத்துப் பக்கம் போவாதீங்க" என்றார். அந்த ஸ்டூல் அதன் பிறகு அவர் அறைக்குத் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது ரோலர் ஓரமாக நின்றது. அந்தப் பெண்கள் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு ஜல்லியை ஒதுக்கி வழி பண்ணி வைத்திருந்தார்கள். "என்னக்கா, காயா பழமா?" என்று ஒருத்தி கத்தினாள். நான் கேரியரிலிருந்து "பழம்!" என்று கத்தினேன்.

எங்கள் ஊர் நுழைவில், நிழற்குடையைத் தாண்டியதும் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் சாயங்காலம் ஊரின் பாதி ஆம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தினமும் அம்மா நிழற்குடைக்குப் பக்கத்துக் கல்லிலேயே இறங்கிக்கொண்டு, செருகிய சேலையை இறக்கி விட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி டீக்கடையைக் கடப்பாள். வீடு அதற்கப்புறமும் ஒரு தெரு தள்ளி இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டே போகலாமே என்று நான் கேட்டதில்லை; கல் அங்கே இருக்கிறது, அதனால் அங்கே இறங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்குக் கல் இல்லை. நிழற்குடைப் பெஞ்சில் யாரோ வத்தலைக் குவித்து வைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு நொடி தயங்கின மாதிரி இருந்தது. பிறகு மிதித்தாள். டீக்கடையில் பேச்சு நின்றது. அப்பாவும் அங்கேதான் இருந்தார், கையில் கிளாஸோடு. "ஏலே, அது ஒம் பொண்டாட்டில்லா போறா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமா, எம் பொண்டாட்டிதான்" என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. எங்கள் தெரு முனையில் இருந்த கரண்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து அம்மா இறங்கினாள்.

இரண்டு வாரம் கழித்துப் புதுக்கற்களை நட்டார்கள். எங்கள் ஊர்க் கல் பழைய இடத்துக்கு நேராகவே, வெள்ளையடித்துக் கறுப்பில் எழுதிப் பளிச்சென்று நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் தூரத்திலேயே அதைப் பார்த்துவிட்டு, "எம்மா, கல்லு வந்துருச்சு, எறங்கு!" என்று கத்தினேன். அம்மா நிற்கவில்லை. கல்லைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, நிமிர்ந்து உட்கார்ந்தபடி மெதுவாக மிதித்துக்கொண்டு போனாள். கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் இன்னும் முன்னாலேயே சொன்னேன். அதற்கடுத்த நாள் அவள் முதுகைத் தட்டிச் சொன்னேன். ஒரு வாரம் முழுவதும் சரியான இடத்தில்தான் சொன்னேன். ஒருநாளும் அம்மா இறங்கவில்லை.

கடைசியில் கவலைப்பட்டு அப்பாவிடம் போனேன். "எப்பா, அம்மைக்குக் காது மந்தமாயிட்டு. கல்லு வந்துட்டுன்னு எத்தன வாட்டி சொன்னாலும் கேக்க மாட்டேங்கா" என்றேன்.

அப்பா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்படியில் இருந்த அம்மாவை ஒருதரம் எட்டிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"கேக்கலன்னா விட்டுரு" என்றார். "இனிமே சொல்லாத."

டாக்டரிடம் காட்டாமல் இப்படி விடுகிறாரே என்று எனக்கு அப்பா மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது.